பில்லியன் இத்தாலிக்குப் போனால்

1998-ல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கியது. பரிசு பத்து லட்சம் பவுண்டு. அதனால் பெயரிலேயே ‘மில்லியனர்’ என்ற சொல் இருந்தது. 2000-ல் அதே நிகழ்ச்சி இந்தியாவுக்கும் வந்தது, இத்தாலிக்கும் போனது. இந்தியில் அது ‘கரோர்பதி’ ஆயிற்று. தமிழில் சரத்குமார் நடத்தியபோது ‘கோடீஸ்வரன்’ ஆயிற்று. இத்தாலியிலோ ‘மிலியார்தாரியோ’ ஆயிற்று. மில்லியன் இங்கே வந்ததும் பத்து மடங்கு பெருத்தது. இத்தாலிக்குப் போனதும் ஆயிரம் மடங்கு பெருத்தது. இதை மொழிபெயர்ப்புப் பிழை என்று எந்த ஊரிலும் யாரும் சொல்லவில்லை.

சொல்லவும் முடியாது. இத்தாலியில் அன்று புழங்கிய பணம் லீரா. பத்து லட்சம் லீரா என்றால் ஒரு சுமாரான மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது. அதைப் பரிசாக அறிவித்திருந்தால் சேனலை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள். ஆகவே பரிசு ஒரு ‘மிலியார்தோ’ லீரா, அதாவது நூறு கோடி லீரா. 2002-ல் யூரோ நாணயம் கைக்கு வந்ததும் நிகழ்ச்சியின் பெயரை ‘மிலியோனாரியோ’ என்று மாற்றினார்கள். நூறு கோடி, பத்து லட்சமாகச் சுருங்கியது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பரிசு கூடத்தான் செய்திருந்தது. பழைய நூறு கோடி லீராவின் மதிப்பு 5,16,457 யூரோ. புதிய பரிசு பத்து லட்சம் யூரோ. பெயரில் குறைந்து, பையில் ஏறக்குறைய இரட்டிப்பு.

எண்ணுப்பெயரை மொழிபெயர்ப்பதில் இருக்கும் சங்கடம் முழுவதும் இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அடிக்கடி கண்ணில் படும் ‘பில்லியன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டு இத்தாலிக்குள் நுழைந்தால் அந்தச் சங்கடம் இன்னும் நன்றாகத் தெரியும். தமிழ்ச் செய்தித்தாள்கள் அங்கிருந்து கற்க வேண்டிய பாடமும் ஒன்று உண்டு.

முதலில், மில்லியன் ஆங்கிலச் சொல்லே அல்ல. இத்தாலிய மொழியில் ஆயிரத்துக்கு ‘மில்லே’ என்று பெயர். ஒரு பொருளைப் பெரிதாக்கிச் சொல்ல வேண்டுமானால் இத்தாலியர் சொல்லின் வாலில் ‘ஓனே’ என்று ஒட்டுவார்கள். மில்லேயின் வாலில் ஒட்டினால் ‘மிலியோனே’, பெரிய ஆயிரம். இந்த ஓனே தமிழ்நாட்டுத் தெருக்களுக்கும் புதிதல்ல. ‘சாலா’ என்றால் கூடம். ‘சலோனே’ என்றால் பெரிய கூடம். அது பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், நம் ஊரில் முடிவெட்டும் சலூனாக வந்து உட்கார்ந்தது. ‘பல்லா’ என்றால் பந்து; பெரிய பந்து பலூன் ஆயிற்று. ‘கார்தா’ என்றால் காகிதம். பெரிய, தடித்த காகிதத்திலிருந்து கார்ட்டூனும் வந்தது, பொருள்களைக் கட்டி அனுப்பும் கார்ட்டனும் வந்தது. ரோம் நகரத் தெருக்களில் இருக்கும் குடிநீர்க் குழாய்களுக்கு ‘நாசோனே’, பெரிய மூக்கு, என்றே பெயர். குழாய் வளைந்து நீண்டிருப்பதால் வந்த பட்டம்.

வெனிஸ் நகரத்து மார்கோ போலோவின் பயணநூலுக்கும் இத்தாலியில் ‘மிலியோனே’ என்றுதான் பெயர். எதற்கெடுத்தாலும் மில்லியன் கணக்கில் அளந்ததால் வந்த கேலிப்பெயர் என்று ஒரு கதை உண்டு. அவருடைய குடும்பத்தின் ‘எமிலியோனே’ என்ற பட்டப்பெயர் மருவியது என்றும் சொல்கிறார்கள். 1298-ல் ஜெனோவா சிறையில் இருந்தபடி அவர் சொல்லச் சொல்ல, ருஸ்திக்கெல்லோ என்ற பீசா நகரத்துக்காரர் எழுதிய நூல் அது. பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பும் காயல் துறைமுகமும் அதில் வருகின்றன. முத்துக் கணக்கில் அவர் மிகைப்படுத்தினாரா என்பது வேறு விசாரணை.

மிலியோனே வந்தாயிற்று. அதற்கு மேலே என்ன பெயர்? இங்கேதான் குழப்பத்தின் விதை விழுந்தது.

விதைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1475-ல் ஜெஹான் ஆதாம் என்பவரும், 1484-ல் லியோன் நகரின் நிக்கொலா ஷுகே என்பவரும் மில்லியனுக்கு மேலே ஒரு ஏணி கட்டினார்கள். மில்லியனை மில்லியனால் ஒருமுறை பெருக்கினால் பில்லியன். மீண்டும் பெருக்கினால் டிரில்லியன். பில்லியனில் இருக்கும் ‘பி’ இரண்டைக் குறிக்கும், ‘டிரி’ மூன்றைக் குறிக்கும். ஆறு ஆறு இலக்கமாகப் படி ஏறும் அழகான ஏற்பாடு. அந்தக் கணக்கில் ஒரு பில்லியன் என்பது லட்சம் கோடி. ஷுகேயின் கையெழுத்துப்படி 1880 வரை அச்சேறவில்லை. அதற்குள் எஸ்தியென் தெ லா ரோஷ் என்பவர் அதிலிருந்து நிறைய எடுத்துத் தன் புத்தகத்தில் போட்டு 1520-லேயே வெளியிட்டுவிட்டார். காப்பியடித்தவருக்கும் சேர்த்து நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் ஏணி பரவியிருக்காது.

பின்னால் வந்த பிரெஞ்சுக் கணக்கர்கள் சிலர் ஆறு இலக்கப் படியை மூன்றாக நறுக்கினார்கள். ஆயிரம் மில்லியன் ஒரு பில்லியன், ஆயிரம் பில்லியன் ஒரு டிரில்லியன் என்று ஆயிற்று. ‘பி’க்கும் இரண்டுக்கும் இருந்த உறவு அறுந்தது. அமெரிக்கர்கள் இந்தக் குட்டை ஏணியை எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டிஷார் பழைய நெட்டை ஏணியிலேயே நின்றார்கள். ஆங்கிலம் பேசும் இரு நாடுகளில், ஒரே எழுத்துகளால் ஆன ஒரே சொல், நூறு கோடியாகவும் இருந்தது, லட்சம் கோடியாகவும் இருந்தது.

இதில் பெரிய வேடிக்கை பிரான்ஸ்தான். குட்டை ஏணியைப் பெற்றெடுத்த அந்த நாடு, 1961-ல் அரசாணை போட்டு நெட்டை ஏணிக்கே திரும்பிப் போனது. பிரிட்டன் எதிர்த்திசையில் நடந்தது. 1974 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், அமைச்சர்கள் பில்லியன் என்றால் பழைய பிரிட்டிஷ் பொருளையே கொள்ள வேண்டும் என்று கேட்டார். முடியாது என்றார் பிரதமர் ஹரால்ட் வில்சன். இனி பில்லியன் என்றால் ஆயிரம் மில்லியன்தான் என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் தந்தார். அந்தத் தேதிக்கு முன் அச்சான பிரிட்டிஷ் புத்தகத்தில் பில்லியன் என்று கண்டால் இன்றும் ஒருமுறை யோசிக்கத்தான் வேண்டும்.

இத்தாலி இந்தச் சண்டையில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. நூறு கோடிக்குப் பிரெஞ்சுக்காரர்களின் ‘மிலியார்’ என்ற சொல்லை வாங்கி ‘மிலியார்தோ’ என்று ஆக்கிக்கொண்டது. அந்தச் சொல்லில் இரண்டாவது பொருளுக்கு இடமே இல்லை. ‘பிலியோனே’ என்ற சொல்லும் அகராதியில் இருக்கிறது, பார்ப்பதற்கு ஆங்கில பில்லியனின் உடன்பிறப்புப் போலவே இருக்கும். ஆனால் அதற்கு நூறு கோடி என்றும் லட்சம் கோடி என்றும் இரண்டு பொருளையும் அகராதிகள் தருகின்றன. நம்பிக் கையில் எடுக்க முடியாத சொல். ஆகவே சாதாரண இத்தாலியர் அதைத் தொடுவதே இல்லை. ஆங்கிலத்தில் பில்லியன் என்று வந்தால் மிலியார்தோ என்கிறார். டிரில்லியன் என்று வந்தால் ‘மில்லே மிலியார்தி’ என்கிறார், ஆயிரம் மிலியார்தோ. உலக மக்கள்தொகை எட்டு பில்லியனைத் தொட்டுவிட்டது என்று 2022 நவம்பரில் ஐ.நா. அறிவித்தபோது இத்தாலிய நாளிதழ்களில் வந்தது ‘எட்டு மிலியார்தி’.

அங்கேயும் சறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கில ஏஜென்சிச் செய்தியை அவசரமாகத் தட்டுகிறவர் ‘டிரிலியோனி’ என்று எழுதிவிடுவதுண்டு. நெட்டை ஏணிப்படி அது லட்சம் கோடியைப் போலப் பத்து லட்சம் மடங்கு. அமெரிக்காவின் கடனை அந்த அளவுக்கு யாரும் உயர்த்திவிடவில்லை.

புள்ளியும் காற்புள்ளியும் தனித் தலைவலி. ஆங்கிலேயரும் நாமும் ஆயிரத்துக்குப் பின் காற்புள்ளி இடுகிறோம், பின்னத்துக்குப் புள்ளி வைக்கிறோம். இத்தாலியர் அப்படியே தலைகீழ். ஒரு யூரோவுக்கு 1,936.27 லீரா என்று நிர்ணயித்த விகிதத்தை அவர்கள் 1.936,27 என்று எழுதுவார்கள். பார்த்துப் பழகாதவர் ஒரு யூரோவுக்கு இரண்டு லீராகூட இல்லை என்று படித்துவிடுவார்.

லீரா காலத்து இத்தாலியர்கள் எண்ணுப்பெயர்களோடு பட்ட பாட்டுக்கு நல்ல சாட்சி, சிறுவர்களுக்கான ஒரு படக்கதை. செர்ஜியோ தோஃபானோ என்ற நடிகரும் ஓவியருமானவர் 1917-ல் ‘போனவெந்தூரா’ என்ற பாத்திரத்தைச் சிறுவர் வார இதழான ‘கொரியேரே தெய் பிக்கொலி’யில் உருவாக்கினார். சிவப்புச் சட்டை, தொளதொள வெள்ளைக் கால்சட்டை போட்ட அப்பாவி மனிதர். ஒவ்வொரு கதையிலும் ஏதாவது இக்கட்டில் மாட்டுவார், கடைசிக் கட்டத்தில் கையில் ஒரு பெரிய காசோலையோடு நிற்பார். அதில் ஒரு மிலியோனே என்று எழுதியிருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பணவீக்கம் லீராவைத் தின்றுவிட்டது. மிலியோனே என்றால் குழந்தைகள்கூட வாய் பிளக்காத நிலை. தோஃபானோ காசோலையில் மிலியார்தோ என்று எழுதத் தொடங்கினார். பொருளாதாரப் பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதைப் படக்கதை ஒரு கட்டத்தில் சொல்லிவிட்டது.

பெரியவர்களின் உலகத்திலும் இதே கதைதான். 1939-ல் வந்த ஒரு திரைப்படத்தின் பெயரே ‘மாதம் ஆயிரம் லீரா’. அன்றைய நடுத்தரக் குடும்பத்தின் கனவுச் சம்பளம் அது. 2001 தேர்தலுக்கு முன் சில்வியோ பெர்லுஸ்கோனி தொலைக்காட்சியில் உட்கார்ந்து வாக்காளர்களோடு ‘ஒப்பந்தம்’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு வாக்குறுதி, குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் பத்து லட்சம் லீரா. யூரோவில் அது 516 சொச்சம். 2022 தேர்தலிலும் அவர் ஓய்வூதிய வாக்குறுதி தந்தார்; இந்த முறை மாதம் ஆயிரம் யூரோ. ஆயிரத்தில் தொடங்கி, பத்து லட்சம் வரை ஏறி, மறுபடியும் ஆயிரத்தில் வந்து நிற்கிறது. ஆசை ஏறக்குறைய ஒன்றேதான். அதை அளக்கும் எண்தான் மாறிக்கொண்டே இருந்தது.

புனைகதையை மொழிபெயர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எழுபதுகளின் இத்தாலிய நாவல் ஒன்றில் ‘மிலியார்தாரியோ’ என்று ஒரு பாத்திரத்தைச் சொன்னால், அவர் வசதியான பணக்காரர், அவ்வளவுதான். அதை பில்லியனர் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அவர் ராக்பெல்லர் ஆகிவிடுவார். இன்று அதே இத்தாலியச் சொல் எலான் மஸ்க்கைக் குறிக்கிறது. தமிழுக்கு இத்தாலிய இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வருகிறது. அங்கே ஒருமுறை தவறினால் இங்கே ‘நூறு கோடிக்கு அதிபதி’ என்று தவறு உறுதியாகிவிடும்.

எண் எப்போதும் எண்ணாகவே இருப்பதில்லை என்பதும் இதில் சேர்த்தி. இத்தாலியர் சும்மா உலாவப் போவதை ‘இரண்டு அடி நடப்பது’ என்கிறார்கள். உட்கார்ந்து பேசுவது ‘நாலு வார்த்தை’. கூட்டத்துக்கு ஆளே வராவிட்டால் வந்தவை ‘நாலு பூனைகள்’. அற்பக் காசு ‘நாலு காசு’. ஆங்கிலத்துக்காரர் இங்கெல்லாம் ‘கொஞ்சம்’, ‘சில’ என்ற பொருளில் வேறு சொற்களைத் தேட வேண்டும். தமிழருக்குத் தேடவே வேண்டாம். நாமும் நாலு வார்த்தை பேசி, நாலு காசு பார்த்து, நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி வாழ்கிறவர்கள்தானே! ஆங்கிலத்தின் ‘டஜன் கணக்கில்’ என்ற வழக்கை இத்தாலியப் பத்திரிகைகள் ‘பத்துகள் கணக்கில்’ என்று மாற்றிக்கொள்கின்றன. ஆங்கிலேயர் பன்னிரண்டால் அளந்தால் அளக்கட்டும், தம் வாசகர் பத்தால் அளக்கிறவர் என்பது அவர்களுக்குத் தெரியும். தமிழில் ‘டஜன் கணக்கானோர் பலி’ என்று தலைப்பு வரும்போது வாழைப்பழமும் முட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. ஒரு மரணச் செய்திக்கு அது அடுக்காது.

தமிழ்நாட்டுக்கே வருவோம். பில்லியன் என்றால் நூறு கோடி, டிரில்லியன் என்றால் லட்சம் கோடி என்ற வாய்ப்பாடு எல்லா உதவி ஆசிரியருக்கும் தெரியும். இருந்தும் ‘5 டிரில்லியன் டாலர் பொருளாதாரம்’, ‘1 டிரில்லியன் டாலர் இலக்கு’ என்று அப்படியே அச்சிடும் பழக்கம் வளர்ந்துவிட்டது. உள்ளூர்ச் செய்தியில், பட்ஜெட் செய்தியில் கோடி. டாலர் என்று வந்துவிட்டால் மட்டும் பில்லியனும் டிரில்லியனும். ஒரே பக்கத்தில் இரண்டு ஏணிகள். ரூபாயைக் கோடியில் எண்ணுகிற வாசகர் டாலரை மட்டும் ஏன் வேறு கணக்கில் எண்ண வேண்டும்?

இப்படி எழுதுவதால் வரும் நட்டம் நடை அழகு சார்ந்தது மட்டுமல்ல. வாசகர் கணக்குப் போடும் வாய்ப்பையே அது பறிக்கிறது. கோவிட்டுக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் இத்தாலியின் மீட்புத் திட்டத்துக்கு ஒதுக்கியது 191.5 பில்லியன் யூரோ. இப்படிப் படித்தால் ஏதோ பெரிய தொகை என்று மட்டும் தோன்றும். 19,150 கோடி யூரோ என்று எழுதி, இத்தாலியின் மக்கள்தொகை சுமார் 5.9 கோடி என்றும் பக்கத்தில் போட்டால், கோடிக்குக் கோடி அடிபட்டுப் போகும். தலைக்கு 3,200 யூரோவுக்குச் சற்று மேல் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். 2030-க்குள் தமிழ்நாட்டை எட்ட வைப்போம் என்று அரசு அறிவித்த ஒரு டிரில்லியன் டாலரையும் இப்படிப் பார்க்கலாம். அது ஒரு லட்சம் கோடி டாலர். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள் 7.21 கோடி. வகுத்தால் தலைக்குச் சுமார் 13,870 டாலர். மக்கள்தொகை இப்போது கூடியிருப்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். இலக்கு எட்டக்கூடியதா, கூடாததா என்று தேநீர்க் கடையிலேயே விவாதிக்கலாம். டிரில்லியன் என்று மட்டும் எழுதினால் கைதட்டலாம், கேள்வி கேட்க முடியாது.

இதற்கு மறுப்பும் உண்டு. தமிழ் வாசகர் தமிழ்நாட்டில் மட்டும் இல்லையே என்பார்கள். நியாயம்தான். கொழும்பிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஊடகங்கள் மில்லியன், பில்லியன் என்றே எழுதுகின்றன, அது சரியும்கூட. அங்கே அரசின் வரவு செலவும் வங்கிக் கணக்கும் அந்த அளவையில்தான் நடக்கின்றன. போர்ச்சுக்கீசிய மொழியிலும் இப்படித்தான்: பிரேசிலில் பில்லியன் நூறு கோடி, போர்ச்சுகலில் லட்சம் கோடி. ஒரே மொழி, இரண்டு ஊர், இரண்டு அளவை. அந்தந்த ஊர்ப் பத்திரிகை அந்தந்த ஊரின் அளவையில் எழுதுகிறது. ‘லட்சம் கோடி’ என்பதே தலைசுற்ற வைக்கும் தொகைதானே என்று சிலர் கேட்கலாம். ஆம், சுற்றும். ஆனால் லட்சமும் கோடியும் வாசகருக்குத் தனித்தனியே தெரிந்தவை. நிலத்தின் விலையிலும் வீட்டுக் கடனிலும் அவர் அன்றாடம் கையாள்பவை. இத்தாலியரின் ‘ஆயிரம் மிலியார்தோ’வும் அதே தர்க்கம்தான்: தெரிந்த இரண்டை ஒட்டித் தெரியாத ஒன்றைச் சொல்வது.

இந்தியாவில் அச்சாகும் தமிழ் நாளிதழ்களின் செய்தி ஆசிரியர்கள் ஒரு சின்ன விதியை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவைக்கலாம். எந்த நாட்டு நாணயமானாலும் தொகை லட்சத்திலும் கோடியிலும் மட்டுமே வர வேண்டும். மேற்கோளுக்குள் யாராவது டிரில்லியன் என்று சொல்லியிருந்தால் அடுத்த வரியில் அதைக் கோடியில் சொல்ல வேண்டும். பெருந்தொகை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு ஒரு வரியில் இருக்க வேண்டும். அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பாகவே இதைத் தொடங்கிவிடலாம்.